கச்சான் காற்றும் கண்டோன்மென்ட் பாய்மரமும்

ஒரு விளையாட்டுச் சங்கத்தைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசுவானேன் என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலைப் பற்றி நம்மைப்போல் பெருமை பேசும் இன்னொரு வாசகக் கூட்டம் இருக்க முடியாது. காற்றை ஏவல்கொண்டு மரக்கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் பாடியதை நாம் மறப்பதில்லை. 1025இல் இராசேந்திரனின் கப்பல்கள் கடாரம் நோக்கிச் சென்றதைச் சொல்லாமல் எந்த மேடையும் முடிவதில்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ தொடங்கி ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வரை கடலோர நாவல்களையும் கொண்டாடுகிறோம். ஆனால் இன்றைக்கு இந்தியாவில் பாய்மரம் ஓட்டுவதை ஒரு கலையாக, ஒரு விளையாட்டாக நிர்வகிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அந்த அதிகாரம் நம் கரைகளுக்கு என்ன செய்திருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது என் துணிபு.

அந்த அதிகாரத்தின் பெயர் யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. 1960இல் தோன்றியது. தலைமையகம், கடலே இல்லாத தில்லியில். உலக அளவில் பாய்மரப் படகோட்டத்தை ஆளும் ‘வேர்ல்ட் செய்லிங்’ அமைப்பும், மத்திய அரசின் விளையாட்டு அமைச்சகமும் இந்தியாவுக்கென ஏற்றுக்கொண்ட ஒரே சங்கம் இதுதான். தேசியப் போட்டிகளை நடத்துவது, ஆசியப் போட்டிக்கும் ஒலிம்பிக்கிற்கும் வீரர்களைத் தேர்வு செய்து அனுப்புவது, நடுவர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்குவது, கிளப்புகளைத் தன்னோடு இணைத்துக்கொள்வது, அரசின் நிதியுதவியைப் பெற்றுப் பங்கிடுவது ஆகியவை அதன் வேலைகள். தலைமையில் பெரும்பாலும் கடற்படையின் உயர் அதிகாரிகளே இருந்துவந்திருக்கிறார்கள். அதன் உறுப்புகளாகப் பெருநகரக் கிளப்புகளும் முப்படைகளின் படகு மையங்களும் இருக்கின்றன.

இதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். தனித்தனியே எடுத்தால் எதிலும் குற்றமில்லை. படைகள் இந்த விளையாட்டைக் கைவிட்டிருந்தால் சுதந்திரத்துக்குப் பின் அது இந்நாட்டில் அழிந்தே போயிருக்கும். என் வழக்கு வேறு. ஒரு தேசிய ஆளும் அமைப்பு தனக்குப் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு, அவர்களையே தேசம் என்று அழைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் விடுபட்டவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வர வேண்டும்.

புதுக்கோட்டை என்றதும் நமக்கு நினைவில் எழுபவை சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் திருமயம் கோட்டையும்தான். கடல் நினைவுக்கு வராது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தொண்டைமான்களின் சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1974 ஜனவரியில் புதிய மாவட்டம் பிறந்தபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியோடு சேர்ந்துதான் கடலும் வந்தது. வடக்கே கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளும் கரை அது. முப்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். கரையைப் பெற்ற அதே 1974இல், ஜூன் மாதம், அந்தக் கரைக்கு எதிரே நீரில் ஒரு கோடு வரையப்பட்டது. கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அப்பால் போயிற்று. அன்றிலிருந்து இக்கரையைப் பற்றிச் செய்தித்தாள்களில் ஒரே ஒரு செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது: கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் பிடிபட்டன, இத்தனை மீனவர்கள் சிறையில். எண்ணிக்கை மட்டும் மாறும்.

இந்தக் கரையில் தேசியச் சங்கத்தோடு இணைந்த பாய்மரக் கிளப் ஒன்றுகூட இல்லை. பயிற்சிப் பள்ளியும் இல்லை. அலை ஓங்காத, ஆழம் குறைந்த, சிறு படகுகளுக்கென்றே அமைந்தாற்போன்ற பாக் நீரிணையின் விரிகுடா இருக்கிறது. வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் கச்சானும் சோழகமும் வீசுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாடை வந்துவிடுகிறது. காற்றும் கடலும் ஆட்களும் இருக்க, சங்கம் மட்டும் இங்கு வரவில்லை.

ஆட்கள் என்று நான் சொல்வதை வெறும் உணர்ச்சிப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறைக்கு இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். பாக் விரிகுடாவின் வத்தைகளை அவர் உன்னித்துப் பார்த்திருக்கிறார். அந்தப் படகுகளின் குறுக்கே, காற்று வரும் பக்கமாக ஒரு நீண்ட பலகையை நீட்டி, அதன்மேல் ஆட்கள் ஏறித் தங்கள் உடல் எடையால் படகு கவிழாமல் நிறுத்துவார்கள். காற்று ஏறினால் பலகையில் இன்னும் வெளியே நகர்வார்கள், இறங்கினால் உள்ளே வருவார்கள். ஒலிம்பிக் பாய்மரப் போட்டியை ஒருமுறையேனும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ‘ஃபார்ட்டி நைனர்’ படகில் இரண்டு வீரர்கள் இடுப்பில் கம்பியைக் கொளுவிக்கொண்டு படகுக்கு வெளியே சாய்ந்து நிற்கிறார்களே, அதே கணக்கு. அதே உடலறிவு.

அந்த அறிவு முற்றிலும் செத்துவிடவும் இல்லை. புதுக்கோட்டைக் கரையைத் தொட்டாற்போலத் தெற்கே, தொண்டி வட்டாரத்தில், நம்புதாளை, மோர்ப்பண்ணை போன்ற ஊர்களில் திருவிழாக்களை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. எந்திரம் வந்து வழக்கொழிந்த பாயை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுகிறார்கள். பருமலைத் தூக்கிக் கட்டி, பாயை விரித்து, ஆட்கள் பலகையில் ஏறிச் சாய, கரையில் ஊரே திரண்டு நின்று பார்க்கிறது. பரிசுத்தொகையை ஊரார் திரட்டிக்கொள்கிறார்கள். உள்ளூர் நாளிதழில் ஒரு புகைப்படம் வரும். தேசத்தின் பாய்மர ஆளும் அமைப்பு நடத்தும் நாட்காட்டியில் இந்தப் போட்டிக்கு இடமில்லை. இது ‘யாட்டிங்’ அல்லவாம்.

அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். யாட் என்பது டச்சு மொழியில் வேட்டைக்குரிய விரைவுப் படகைக் குறித்த சொல். பதினேழாம் நூற்றாண்டில் அரச குடும்பங்களின் உல்லாசப் படகுக்குப் பெயராயிற்று. அங்கிருந்து பிரபுக்களின் கிளப்புகளுக்கும், அவர்களோடு கப்பலேறி 1846இல் பம்பாய்க்கும், 1911இல் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்து சேர்ந்தது. 1907இல் உருவான உலக அமைப்புகூடத் தன்னைப் ‘படகுப் பந்தய ஒன்றியம்’ என்று அழைத்துக்கொண்டபோது அந்த யாட்டைத்தான் பெயரில் வைத்திருந்தது. 1996இல் அதைக் கைவிட்டு, பாய்மர ஓட்டத்துக்குரிய பொதுச்சொல்லை ஏற்றது. நம் சங்கம் மட்டும் இன்னமும் யாட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று சொல்லலாம். யாருக்குக் கதவு திறக்கும் என்பது பெயர்ப்பலகையிலேயே எழுதியிருந்தால், வாசல்வரை வந்தவனும் திரும்பிப் போய்விடுவான்.

இனி, சங்கத்தின் சாதனைப் பட்டியலையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1972 மியூனிக்கில் தொடங்கி 2008 பெய்ஜிங் வரை ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகளில் இந்தியர் பங்கேற்ற முறைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். டோக்கியோவில் ஓர் அதிசயம் நடந்தது. இந்தியாவிலிருந்து மூன்று பிரிவுகளில் நான்கு பேர் தகுதி பெற்றார்கள். நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தக்கர். நால்வருமே தமிழ்நாட்டவர்! ஒலிம்பிக் பாய்மரத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் மார்செய்யில் நடந்தபோதும் விஷ்ணுவும் நேத்ராவும் போனார்கள். விஷ்ணு பதினெட்டாவதாகவும் நேத்ரா இருபத்தொன்றாவதாகவும் வந்தார்கள். இவர்களின் உழைப்புக்கு முன் தலை வணங்குகிறேன்.

ஆனால் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? மூவர் சென்னை நகரத்தவர். சென்னைத் துறைமுகத்தை ஒட்டி இயங்கும் கிளப்பும் பயிற்சியும் அவர்களுக்குக் கிடைத்தன. விஷ்ணு வேலூர்க்காரர். பாலாற்றில் தண்ணீர் வருவதே செய்தியாகிவிட்ட ஊர். அவருடைய தந்தை இராணுவத்தில் பாய்மர வீரராக இருந்தார், அந்த வழியில் மகனும் வந்தார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட மாநிலத்திலிருந்து நான்கு பேர் போனார்கள். ஒருவர்கூட மீனவ ஊரிலிருந்து போகவில்லை. இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கணக்கு தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மீனவப் பிள்ளைகளுக்குத் திறமை போதாது, இது வேறு விளையாட்டு என்று சொல்பவர்களுக்குப் போபாலைக் காட்டுகிறேன். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் பெண்களுக்கான ஐ.எல்.சி.ஏ. 4 பிரிவில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகள். அப்போது அவருக்கு வயது 17. அம்மாநிலத்துக்குக் கடலே கிடையாது. போபால் பெரிய ஏரியில் இயங்கும் பாய்மரப் பள்ளியில் பயின்றார். ஹைதராபாத்தின் உசேன் சாகரிலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்றுவிக்கிறார்கள், அவர்கள் தேசியப் பதக்கங்கள் வாங்குகிறார்கள். ஏரிக்கரையில் ஒரு பள்ளியும் பத்துப் படகுகளும் இருந்தால் விவசாயி வீட்டுப் பெண் ஆசியாவில் இரண்டாவதாக வருகிறாள். ஜெகதாப்பட்டினத்துப் பெண்ணுக்கு எதிரே இருப்பது கடல். பள்ளியும் படகும்தான் இல்லை.

படகு விலை அதிகம் என்பார்கள். உண்மைதான், சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகே இன்று சில லட்சம் ரூபாய். ஆனால் அதன் கதையைக் கேளுங்கள். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் அதை வடிவமைத்தார். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் வீட்டிலேயே செய்துகொள்ளும்படி, இரண்டு ஒட்டுப்பலகையில் அடங்கிவிடும் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். நீளம் 2.3 மீட்டர். ஏழைப் பிள்ளைக்கென்று பிறந்த படகு இங்கே வந்து பணக்காரப் பிள்ளையின் பொம்மையாகிவிட்டது. வத்தையும் வள்ளமும் கட்டிய தச்சர்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். பயிற்சிக்கு வேண்டிய மரப்படகுகளை அவர்களிடம் கொடுத்துக் கட்டச்சொல்ல ஒரு வரைபடமும் ஒரு கடிதமும் போதும். கடிதம் எழுத வேண்டிய இடம் தில்லி.

வெளியுலகத்தில் நடப்பதையும் பார்க்கலாம். கரீபியக் கடலில் மார்த்தினிக் என்றொரு பிரெஞ்சுத் தீவு. அங்கே மீனவர்கள் ஓட்டிய ‘யோல்’ என்ற பாய்மரப் படகில், ஆட்கள் வெளியே நீட்டிய கழிகளில் ஏறிச் சாய்ந்து படகை நிமிர்த்துகிறார்கள். நம் வத்தைப் பலகைக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். எந்திரம் வந்ததும் அதுவும் மறையத் தொடங்கியது. தீவினர் அதற்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார்கள், விதிகள் எழுதினார்கள், தீவைச் சுற்றிப் பந்தயம் நடத்தினார்கள். மரபுக் காப்புக்கு நல்ல முன்மாதிரி என்று 2020இல் யுனெஸ்கோ அதைத் தன் பதிவேட்டில் சேர்த்தது. துபாயில் மரபான பாய்மரத் ‘தோ’ படகுகளுக்கு 1991 முதல் ஆண்டுதோறும் அல் கஃபால் என்ற நெடும்பந்தயம் நடக்கிறது. நடத்துவது அங்குள்ள சர்வதேசக் கடல் விளையாட்டுக் கிளப். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் மீமிசலிலிருந்தும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள், முத்துக்குளித்த பாட்டன்மாரின் படகை அரபிகள் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். பிரேசிலில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற கிரேல் சகோதரர்கள் 1998இல் நிதெரோய் நகரத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாய்மரம் கற்றுத்தரத் தொடங்கினார்கள். படகு கட்டும் தொழிலையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள்.

நம் சங்கத்தின் சார்பில் சொல்லக்கூடிய மறுப்புகளை நானே எடுத்து வைக்கிறேன்.

முதலாவது, அடித்தளத்தில் பள்ளிகள் தொடங்குவது மாநில அரசின் வேலை, சங்கத்தினுடையது அன்று என்பது. போபாலில் மாநில அரசுதான் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். இராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர்விளையாட்டு அகாடமி அமைக்கத் தமிழக அரசு திட்டமிட்டிருப்பதும் நல்ல செய்தி. ஆனால் பயிற்சியாளருக்குச் சான்றிதழ் தருவதும், கிளப்பை அங்கீகரிப்பதும், போட்டியை நாட்காட்டியில் சேர்ப்பதும் சங்கத்தின் கையில் இருக்கின்றன. திறவுகோலை வைத்திருப்பவர், கதவைத் திறப்பது பக்கத்து வீட்டுக்காரர் வேலை என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது, பாக் விரிகுடா பாதுகாப்புச் சிக்கல் உள்ள கடல் என்பது. உண்மை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுகளுக்குப் பதிவு, கடலோரக் காவல்படையின் சோதனை என்று கெடுபிடிகள் கூடின. கடத்தல் பற்றிய சந்தேகக் கண்ணும் எப்போதும் உண்டு. அந்தக் கெடுபிடிகளுக்கு நடுவே கரையோரம் இரண்டு கிலோமீட்டர் நீரைப் பிள்ளைகளின் பயிற்சிக்கு ஒதுக்கிக் கேட்க, கடற்படையோடு இவ்வளவு நெருக்கமான ஒரு சங்கத்தைவிடப் பொருத்தமானவர் யார்? கடற்படைத் தொடர்பால் இந்தக் கரைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே நன்மையையும் நாம் கேட்காமல் விட்டுவிட்டோம்.

மூன்றாவது, வயிற்றுப்பாட்டுக்குத் தவிக்கும் மீனவனிடம் போய் விளையாட்டைப் பேசுவது நாகரிகமில்லை என்பது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனம் படைத்தவர்கள். அவர்களிடம் நான் கேட்பது, ஜெகதாப்பட்டினத்துப் பதினாறு வயதுப் பையனுக்கு இன்று என்ன வழி இருக்கிறது என்பதுதான். விசைப்படகில் ஏறலாம், கோட்டைத் தாண்டினால் சிறை. இல்லையென்றால் வளைகுடாவுக்குக் கடவுச்சீட்டு. அவன் பாட்டனிடம் இருந்த காற்றறிவு இந்த இரண்டிலும் பயன்படாது. விஷ்ணு சரவணனுக்கு இராணுவத்தில் வேலையும் பதவியும் கிடைத்தது பாய்மரத்தால்தான். படைகள் சிறுவர்களைச் சேர்த்து இவ்விளையாட்டில் பயிற்றுவிக்கின்றன. விளையாட்டு ஒதுக்கீடு என்ற கதவு கபடிக்கும் தடகளத்துக்கும் திறந்திருப்பதுபோல் இதற்கும் திறந்திருக்கிறது. அது இந்தக் கரைக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை.

நான்காவது மறுப்பு கொஞ்சம் கனமானது. மீன்பிடிப் படகோட்டுவதும் பந்தயப் படகோட்டுவதும் ஒன்றல்ல. பந்தயத்துக்கு விதிகள் உண்டு, தந்திரம் உண்டு, ஆங்கிலத்தில் ஒரு தடித்த விதிப்புத்தகம் உண்டு. சரி. அந்தப் புத்தகத்தின் முதல் விதியே, ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி எல்லாம் செய்ய வேண்டும் என்பது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ, இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தவர், கவிழ்ந்த சிங்கப்பூர் வீரர்களைக் காப்பாற்றப் பந்தயத்தை விட்டுத் திரும்பினார் என்பதை இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். இந்தப் பாடத்தைப் பாக் விரிகுடாவில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற விதிகளைத் தமிழில் மொழிபெயர்த்துத் தரலாம். நூற்றுக்கணக்கான பக்கங்களை மொழிபெயர்க்கத் தயங்காத மொழி இது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டத்தை நிறைவேற்றியது. சங்கங்களின் செயற்குழு பதினைந்து பேருக்கு மிகக்கூடாது, அதில் சிறந்த விளையாட்டு வீரர்கள் இருவரேனும், பெண்கள் நால்வரேனும் இருக்க வேண்டும், அங்கீகாரம் வழங்கத் தேசிய வாரியம், வழக்குகளுக்குத் தீர்ப்பாயம் என்றெல்லாம் அது சொல்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நாற்காலியில் யார் அமரலாம் என்று பேசும் சட்டம், படகில் யார் ஏறலாம் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஒரு தேசியச் சங்கத்தின் நியாயத்தை அது வென்ற பதக்கத்தால் மட்டும் அளக்கக் கூடாது, புதிதாக எத்தனைக் கரைகளில் கால் வைத்தது என்பதாலும் அளக்க வேண்டும் என்ற விதியை யாராவது எழுதியாக வேண்டும்.

நான் கேட்பது பெரிதன்று. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். கச்சான் எழும் பருவமும் அதிலேயே தொடங்கிவிடுகிறது. மணமேல்குடியிலோ கோட்டைப்பட்டினத்திலோ அந்த நாட்களில் ஒரு பயிற்சி முகாம். உள்ளூர்த் தச்சர் கட்டிய இருபது படகுகள். இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பாய்மரப் பயிற்சியாளர் இருவர். காற்றையும் நீவாட்டையும் சொல்லித்தர ஊர்ப் பெரியவர்கள் இருவர், அவர்களுக்கும் முறையான சான்றிதழும் சம்பளமும். கூடவே, தொண்டி வட்டாரத்து மரபுப் பந்தயத்துக்குப் படகு அளவும் பாதுகாப்பு விதியும் வகுத்துத் தேசிய நாட்காட்டியில் ஒரு நாள். 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவின் காப்பகமாக அரசு அறிவித்தது. எந்திர இரைச்சலும் எண்ணெய்க் கசிவும் இல்லாத பாய்மரத்தை அந்த நீரும் வேண்டாமென்று சொல்லாது.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கடாரத்தைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதும் முன், அடுத்த கடல் நாவலுக்கு விமர்சனக் கூட்டம் போடும் முன், கட்டுமாவடியிலிருந்து மீமிசல் வரை உள்ள பள்ளிகளில் படிக்கும் ஒரு பிள்ளையேனும் பாய் விரித்த படகில் ஏறியிருக்கிறதா என்று விசாரிப்போம். இல்லை என்ற பதில் வந்தால், அதைத் தில்லிக்கு எழுதுவோம். பதில் வராவிட்டால், மறுபடியும் எழுதுவோம்.